பார்த்துப் படிக்கிற பரீட்சை

“மேல போனாலும் மம்மி குரல்தான் டாடி கேக்குது. இன்ஜின் நின்னா என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியும். இந்தக் குரல் நிக்கலேன்னா என்ன பண்ணணும், அதை எனக்கு யாரும் சொல்லித் தரலை.”

இப்படிச் சொன்னாள். சொன்னது வேற்று மனுஷி இல்லை, நான் பெற்ற ஒரே மகள். அதையும் என்னிடம் சொல்லவில்லை. குழம்புச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நான் நிற்கிறேன், என்னைத் தாண்டி அவள் அப்பாவிடம் சொல்கிறாள். அந்த மனுஷன் என்ன செய்தார் என்று கேளுங்கள். சாளை மீனின் முள்ளை எடுத்துத் தட்டு ஓரத்தில் வரிசையாக வைத்தார். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கப்பலை இழுக்கிற படகில் இன்ஜின் பார்க்கிறவர். சத்தத்திலேயே இருந்து பழகியவருக்கு வீட்டுச் சத்தம் காதில் ஏறாது.

நீங்கள் நகர வேண்டாம், உட்கார்ந்திருங்கள். என்னால் இப்போது உட்கார முடியாது. உங்கள் பஸ் வர அரை மணி இருக்கிறது என்று அந்த டீக்கடைக்காரர் சொன்னார். அதுவரைக்கும் நான் பேசுகிறேன், நீங்கள் கேளுங்கள். பேசாமல் இருந்தால் மேலே பார்க்கத் தோன்றும், அதனால்தான்.

எதிரே நீலக் கேட் தெரிகிறதா? அதற்குள் பழைய காலத்து ஓடுதளம் இருக்கிறது. அங்கேதான் விமானம் ஓட்டச் சொல்லித்தருகிறார்கள். இப்போது தலைக்கு மேல் சுற்றுகிறதே, வெள்ளையில் சிவப்புக் கோடு, இரண்டு பேர் மட்டும் உட்காருகிற வண்டி, அதில் இடது பக்கம் இருப்பது என் மகள் பெனிட்டா. வலது பக்கம் பரீட்சை வைக்கிற கேப்டன். இன்றைக்கு அவளுக்கு லைசென்ஸ் டெஸ்ட். ஜனங்களை ஏற்றிக்கொண்டு போகிற பெரிய லைசென்ஸ் இல்லை, தான் ஓட்டிக்கொள்வதற்கான முதல் லைசென்ஸ். வாய்மொழித் தேர்வு போன தடவையே முடிந்தது, இன்றைக்குப் பறந்து காட்ட வேண்டும். இது இரண்டாம் தடவை. இன்றைக்கும் சரியாக வரவில்லை என்றால் பிறகு மேலே ஏறவே மாட்டேன் என்று அவள் அப்பாவுக்கு போனில் சொல்லியிருக்கிறாள். எனக்கு போன் வரவில்லை. என்னிடம் அவள் பேசிப் பதினாறு நாள் ஆகிறது.

நான் வரக் கூடாது என்பது உத்தரவு. கேட்டுக்குள் நான் நுழைந்தால் அவள் இறங்கிப் போய்விடுவாளாம். நான் நுழையவில்லையே. நான் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறேன். தூத்துக்குடியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தேன், இது அரசாங்கத்து பஸ் ஸ்டாப், இங்கே நிற்க எனக்கு யார் அனுமதியும் வேண்டாம்.

ஓரிடத்தில் நிற்காமல் நடக்கிறேன் என்று பார்க்கிறீர்கள். காலையில் காப்பி குடிக்கவில்லை, அதுதான். பயமெல்லாம் இல்லை.

நான் என்ன பாவம் செய்தேன் என்று நீங்களே சொல்லுங்கள். நாலு மாதம் அவளுக்குப் பாடம் கேட்டேன். அவ்வளவுதான். பறக்கப் போகிறேன் என்று முதலில் அவள் சொன்னபோது நான் சம்மதிக்கவில்லை என்று வையுங்கள். கப்பலைப் பார்த்துக்கொண்டு வளர்ந்த பிள்ளை, கப்பல் படிப்பு படி என்றேன். தண்ணீரில் விழுந்தால் நீந்தலாம். அவள் கேட்கவில்லை. சரி, போவதுதான் என்றால் ஒழுங்காகப் போ, புத்தகத்தைக் கொண்டா என்றேன்.

நான் படித்தது கான்வென்ட். சிஸ்டர் எமரென்ஷியா என்று ஒருவர், மரஸ்கேல் இல்லாமல் வகுப்புக்கு வரமாட்டார். இருபத்திரண்டு பத்தி ஆங்கிலப் பாட்டை பிஷப் முன்னால் ஒரு சொல் பிசகாமல் சொல்லி ஜெபப் புத்தகம் பரிசு வாங்கியிருக்கிறேன். அர்த்தம் அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது, ஆனால் கேட்டால் இந்த நிமிஷம் சொல்வேன். அப்படி ஏற வேண்டும் பாடம். தாளைத் தொட்டாய் என்றால் உனக்குத் தெரியாது என்று அர்த்தம். அதுதான் சிஸ்டர் சொன்னது, அதைத்தான் நான் மகளுக்கும் சொன்னேன்.

காலையில் குக்கரை ஏற்றுவேன். அவளை எதிரே நிறுத்துவேன். “ரேடியோ கெட்டுப்போச்சு, என்ன செய்வ?” மூன்றாவது விசிலுக்குள் முழுப் பதிலும் வர வேண்டும். இல்லையென்றால் மறுபடி முதலிலிருந்து. மேகம் எத்தனை வகை, காற்று எதிரே அடித்தால் எப்படி, பக்கவாட்டில் அடித்தால் எப்படி, இறக்கை எதனால் தூக்குகிறது. அவள் அப்பா ஒருநாள், பிள்ளை விசில் சத்தம் கேட்டாலே திடுக்கிடுகிறாள், விடேன் என்றார். நல்லதுதானே, மேலே போய்த் தூங்கமாட்டாள் என்றேன்.

அவர் பேசலாமா? இருபத்தாறு வருஷமாக அதே படகு, அதே இன்ஜின். இன்றைக்கும் கிளப்புவதற்கு முன்னால் எண்ணெய்க் கறை பிடித்த ஒரு பலகையைப் பார்த்து விரல் வைத்து வரி வரியாக வாசிக்கிறார். ஒருநாள் நானே என் கண்ணால் பார்த்தேன். இன்னுமா மனசில் ஏறவில்லை என்று கேட்டேன். ஏறிவிட்டது என்றார். பிறகு எதற்குப் பார்க்கிறீர்கள் என்றால், ஏறிவிட்டது அதனால்தான் என்கிறார். என்ன பதில் இது? அவர் பள்ளிக்கூடத்தில் சரியாகப் படித்தவரில்லை, விட்டுவிட்டேன்.

போன மாதம் முதல் டெஸ்ட். வாய்மொழியில் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியிருக்கிறாள், கேட்டு முடிக்கும் முன்னே. இறக்கை எப்படித் தூக்குகிறது என்று கேட்டாராம் அந்தக் கேப்டன். புத்தகத்தில் இருந்த ஏழு வரியையும் சொல்லியிருக்கிறாள். சரி, இப்போது உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள் என்றாராம். அதே ஏழு வரியை மறுபடி சொல்லியிருக்கிறாள். அவர் சிரித்தாராம். சரியாகச் சொன்ன பிள்ளையைப் பார்த்து என்ன சிரிப்பு? போகட்டும், பாஸ் போட்டுவிட்டார்.

பறக்கிற பரீட்சையில்தான் பெயிலாக்கினார். எதற்கு என்றால், சீட் சரியாக மாட்டவில்லை என்பதற்கு. அவள் உட்கார்ந்திருந்த சீட், வண்டியில் இருக்கிற சீட். அந்தச் சீட் தண்டவாளம் மாதிரி ஒன்றில் முன்னும் பின்னும் நகருமாம். கொக்கி விழுந்திருக்கிறதா என்று கிளம்பும் முன் ஆட்டிப் பார்க்க வேண்டுமாம். அவள் பார்க்கவில்லை. ஓடுதளத்தில் வேகம் எடுத்து ஓடும்போது சீட் சடாரென்று பின்னால் போய்விட்டது. கையில் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறாள், அதுவும் அவளோடு சேர்ந்து பின்னால் வந்துவிட்டது. அதை இழுத்தால் மூக்கு மேலே போகும். வேகம் போதாமல் மூக்கு மேலே போனால்…

அதை நான் சொல்ல வேண்டாம். கேப்டன் தன் பக்கத்து ஸ்டியரிங்கைப் பிடித்து, இன்ஜினைக் குறைத்து, புல்தரைக்கு நாலடி முன்னால் நிறுத்திவிட்டார். வீட்டுக்கு வந்து சொன்னாள். சொல்லும்போது அவள் முகம் வெள்ளைக் காகிதம் மாதிரி இருந்தது. நான் என்ன கேட்டேன் தெரியுமா? சீட் கொக்கி பட்டியலில் எத்தனாவது வரி என்று கேட்டேன். மூன்றாவது வரி என்றாள். மூன்றாவது வரியை நாலு மாதத்தில் ஒருநாள்கூட நீ விட்டதில்லையே என்றேன். அப்போதுதான் சட்டியோடு நான் நிற்க, அந்தக் குரல் விஷயத்தை அவள் அப்பாவிடம் சொன்னாள். சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு, இந்த விமானக் கிளப்புக்குப் பக்கத்தில் சிநேகிதிகள் தங்கியிருக்கிற வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஏன் விட்டாள்? அதைத்தானே கேட்க வேண்டும். ஏறி உட்கார்ந்து இரண்டு வரி ஒப்பித்திருக்கிறாள். கீழேயிருந்து ரேடியோவில் யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். பதில் சொல்லிவிட்டு நாலாவது வரியில் ஆரம்பித்துவிட்டாள். என் சமையலறையில் குக்கர் விசில் அடிக்கும், ரேடியோ நடுவில் பேசாது. அதை நான் யோசிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். நடுவில் பேசினால் சிஸ்டர் ஸ்கேலால் அடிப்பார், அதனால் எங்கள் வகுப்பில் யாரும் நடுவில் பேசியதில்லை.

கேப்டன் கடைசியில் கேட்டாராம், உங்கள் அட்டை எங்கே என்று. நீங்கள் எடுப்பீர்கள் எடுப்பீர்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன் என்றாராம்.

அட்டை என்றால் செக்லிஸ்ட். கண்ணாடித்தாள் ஒட்டிய மஞ்சள் அட்டை, பேர் எழுதி அவரவருக்கு ஒன்று. ஒவ்வொரு வரியையும் அதில் பார்த்து, வாசித்து, கையால் தொட்டு, பிறகுதான் அடுத்த வரிக்குப் போக வேண்டுமாம். இன்ஜின் நின்றுபோகிற மாதிரி தலைபோகிற சமயத்துக்கு மட்டும் ஐந்தாறு வரி மனப்பாடம். மற்றதெல்லாம் பார்த்துத்தான் செய்ய வேண்டும், பார்க்காமல் செய்தால்தான் தப்பு. உலகத்தில் எங்கேயாவது இப்படி ஒரு பரீட்சையைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பார்த்து எழுதினால் வெளியே தள்ளுவார்கள். பார்க்கவில்லை என்று தள்ளுகிற பரீட்சை உண்டா? சொல்லுங்கள்.

பையில் வைத்திருந்தேன் சார், எங்கேயோ விழுந்துவிட்டது என்று அவள் சொல்லியிருக்கிறாள். கேப்டன் ஒன்றும் திட்டவில்லையாம். தன் பொருளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளாதவருக்கு வானத்தில் என்ன வேலை என்று யோசியுங்கள் என்று மட்டும் சொன்னாராம். அந்த ஒரு சொல்தான் பிள்ளைக்குள் போய்விட்டது. அன்றிலிருந்து ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பையைத் திறந்து பார்க்கிறாளாம். ஸ்கூட்டர் சாவியை வைத்த இடம் ஞாபகம் வந்த பிறகும் மறுபடி போய்ப் பார்க்கிறாளாம். ‘எனக்குக் கவனம் போதாது டாடி, நான் இதுக்கு லாயக்கில்லை’ என்று போனில் அழுதிருக்கிறாள். அவர் வந்து என்னிடம் சொன்னார். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன், நறுக்கிக்கொண்டே இருந்தேன்.

நீங்கள் எங்கே இறங்க வேண்டும்? கோவில்பட்டியா. அப்படியென்றால் நாம் இரண்டு பேரும் இனிமேல் பார்த்துக்கொள்ளப் போவதில்லை. அதனால் சொல்லலாம்.

அவள் அதைத் தொலைக்கவில்லை.

முதல் டெஸ்ட் அன்று காலையில் அவள் குளிக்கப் போனாள். சீருடையை நான்தான் தேய்த்தேன். பையை ஒருதரம் பார்த்துவிடுவோம் என்று திறந்தேன். முன்பக்கத்துப் பாக்கெட்டில் அந்த மஞ்சள் அட்டை. நாலு மாதம் ஒப்பித்த பிள்ளை காப்பியடிக்க பிட்டு எடுத்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்தேன். நீங்கள் சிரிக்கலாம். பத்தாம் வகுப்பில் என் பக்கத்து பெஞ்சு மார்சலினை ஒரு துண்டுச் சீட்டுக்காகப் பரீட்சை அறையிலிருந்து கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனார்கள். அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. அவள் போட்டிருந்த ரிப்பன்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. என் பிள்ளையை அப்படி யாரும் இழுத்துப் போகக் கூடாது. எடுத்தேன். அரிசிப் பானைக்குள் வைத்து மூடினேன். அவள் வந்து பையைத் தூக்கிக்கொண்டு, திறந்து பார்க்காமல், ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் போனாள். எல்லாம் உன் தலைக்குள்ளே இருக்கு, போ என்று நான் சொன்னேன். அவள் டெஸ்டுக்குப் போகும் முன் கடைசியாக நான் சொன்னது அதுதான்.

சொல்லியிருக்கலாம். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். வண்டியின் மூக்கு மேலே போனது என்று அவள் சொன்னாள் பாருங்கள், அப்போது என் வாயிலிருந்து பட்டியலில் எத்தனாவது வரி என்று அது பாட்டுக்கு ஒரு கேள்வி வந்தது. எனக்கு வேறு எதுவும் வரவில்லை. பதினாறு நாளில் பாவசங்கீர்த்தனத்துக்கு இரண்டு தடவை போய் வரிசையில் நின்றேன். கோபப்பட்டேன், பொறாமைப்பட்டேன் என்றெல்லாம் சாமியாரிடம் பாவத்தைச் சொன்னேன். இதைச் சொல்லவில்லை.

இன்றைக்குக் கொடுத்துவிடுவோம் என்றுதான் வந்தேன். இதோ, கைப்பையில்தான் இருக்கிறது. கேட்டைத் தாண்டிப் பத்தடி போனால் போதும். எட்டு மணிக்கே வந்துவிட்டேன், ஒன்பதரை வரைக்கும் ரோட்டைக் கடக்கவில்லை. லாரி வருகிறது, லாரி வருகிறது என்று நின்றேன். நீங்களே பார்த்தீர்கள், இந்த ரோட்டில் எத்தனை லாரி வந்தது? அதற்குள் அவள் விமானத்தில் ஏறிவிட்டாள். புது அட்டை வாங்கியிருப்பாள், இல்லையா? வாங்காமல் ஏறவிடுவார்களா? கேப்டன் கேட்டிருப்பார். சீட்டை ஆட்டிப் பார்த்திருப்பாள். பார்த்ததால்தானே மேலே போயிருக்கிறாள்.

கொஞ்சம் இருங்கள்.

சத்தம் குறைந்துவிட்டது. உங்களுக்குக் கேட்கிறதா? எனக்குக் கேட்கவில்லை. இல்லை, இது பரீட்சைதான், எனக்குத் தெரியும், இதில் ஒன்றும் இல்லை. கேப்டன் வேண்டுமென்றே இன்ஜினைக் குறைப்பார். நின்றுபோனால் என்ன செய்வாய் என்று கேட்பார். இது அந்த மனப்பாட வரி. எத்தனை நாள் கேட்டிருக்கிறேன். வேகத்தைப் பிடி. இறங்க இடத்தைப் பார். கார்பரேட்டருக்குச் சூடு கொடு. பெட்ரோல் திறந்திருக்கிறதா பார். அதற்குப் பிறகு. பெட்ரோல் திறந்திருக்கிறதா பார். அதற்குப் பிறகு ஒன்று இருக்கிறதே. வேகத்தைப் பிடி, இடத்தைப் பார், சூடு, பெட்ரோல். நாலு மாதம் நான்தானே கேட்டேன். என் வாயில்தானே இருந்தது. பெட்ரோல்…

எவ்வளவு கீழே வந்துவிட்டது. அந்தப் பனைமரத்துக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? நான் பார்க்கவில்லை, நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அட்டை, அட்டை எங்கே வைத்தேன். இருங்கள், கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியவில்லை. இதோ. மிக்ஸ்சர். பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற பிடி, அதை முன்னால் தள்ளு. பிறகு சாவி. ஆமாம், சாவி. மிக்ஸ்சர், சாவி. மிக்ஸ்சர், சாவி.

வந்துவிட்டது. சத்தம் வந்துவிட்டது. மேலே போகிறது. இயேசுவே.

கொஞ்சம் உட்கார்ந்துகொள்கிறேன். உங்கள் பையைக் கொஞ்சம் நகர்த்துங்கள். தண்ணீர் இருக்கிறதா? வேண்டாம், பரவாயில்லை.

இனிமேல் இறங்குவதுதான் பாக்கி. பாருங்கள், சுற்றி வந்துவிட்டது. சக்கரம் தரையில் பட்டதா? ஒரு குதி குதித்ததோ? பட்டுவிட்டதா? சரி. சரி. ஓடுகிறது. நின்றுவிட்டது. அதோ இறங்குகிறார்கள். முதலில் கேப்டன். அடுத்தது அவள்தான். அவள் மார்போடு என்ன பிடித்திருக்கிறாள்? மஞ்சளாகத் தெரிகிறது. இரண்டு கையாலும் பிடித்திருக்கிறாள், சின்னப் பிள்ளை சிலேட்டைப் பிடிக்கிற மாதிரி. நிற்கிறாள். பையைத் திறந்து பார்க்கிறாள். மூடிவிட்டாள். மறுபடி திறந்து பார்க்கிறாள்.

கேப்டன் ஏதோ சொல்கிறார். தலையை ஆட்டுகிறாள். பாஸா பெயிலா, இங்கேயிருந்து என்ன தெரியும். இந்தப் பக்கம்தான் வருகிறார்கள், டீக்கடைக்கு. நான் இப்படிக் கொஞ்சம் உங்களுக்குப் பின்னால் நின்றுகொள்கிறேன்.

அது உங்கள் பஸ்தானே? நிற்பார்கள், கை காட்டினால் நிற்பார்கள், அவசரப்படாதீர்கள். எனக்கு ஒரு உதவி. இந்த அட்டையைப் பிடியுங்கள். அவளிடம் கொடுத்துவிட்டு ஏறுங்கள், இரண்டு நிமிஷம் ஆகாது. யார் கொடுத்தது என்று கேட்பாள். ரோட்டில் கிடந்தது, பேரைப் பார்த்து எடுத்து வைத்திருந்தேன் என்று சொல்லுங்கள். போன மாதமே கிடந்தது என்று சொல்லுங்கள். என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? வாங்கிக்கொள்ளுங்களேன்.